காரில்லா ஊரில் பஸ்

கேள்வி: புணே அருகே கார்களே இல்லாத புது நகரம் கட்டினால், அதில் பஸ் போக்குவரத்தை எப்படி அமைக்க வேண்டும்?
- புணே வாசகர்

பதில்: முதலில் உங்கள் ஊரின் பழைய பாடத்தைப் பாருங்கள். 2006-இல் ஸ்வார்கேட், காத்ரஜ், ஹடப்சர் பக்கம் பஸ்ஸுக்கென்றே தனித்தடம் போட்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முயற்சி. தடம் என்னவோ தனிதான். ஆனால் பைக்குகளும் கார்களும் உள்ளே புகுந்துவிட்டன. பயணிகள் நடுச்சாலை நிறுத்தத்தை எட்ட, ஓடும் வண்டிகளுக்கிடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. 2015-இல் 'ரெயின்போ' என்ற பெயரில் வந்த தடங்களில், பஸ் தளத்தின் உயரத்துக்கே நிறுத்தங்களைக் கட்டினார்கள். ஏறி இறங்குவது சுலபமானது.

காரில்லா ஊரில் பஸ் தடத்துக்குள் கார் புகுந்துவிடும் தொல்லை இல்லை. அதனால் பஸ்ஸைவிட நடைக்கே முதல் கவனம். எந்த வீட்டிலிருந்தும் 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், நிறுத்தம் வேண்டும். வழியெங்கும் மர நிழல் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொரு பஸ் வந்தால் யாரும் கால அட்டவணையைத் தேட மாட்டார்கள். ஊரெங்கும் வளைந்து சுற்றும் பத்து வழித்தடங்களைவிட, நேராக அடிக்கடி ஓடும் மூன்று மேல் என்பது என் கட்சி.

அரிசி மூட்டையும் பீரோவும் எப்படி வரும் என்பதையும் யோசியுங்கள். மோட்டார் வண்டிகளுக்குத் தடையுள்ள மாத்தேரான் மலையூரில் குதிரையும் கைவண்டியும் சுமந்தன. 2022-இல்தான் மின் ரிக்‌ஷாவைச் சோதித்தார்கள். உங்கள் ஊருக்கு விடியற்காலையில் மட்டும் நுழையும் சிறு மின்வண்டிகள் போதும். ஆம்புலன்ஸுக்கு எந்த நேரமும் வழி திறந்திருக்கட்டும்.