சிங்கப்பூர் டின்னர்: மெனுவில் 200, கார்டில் 250!

ஒரு ஆடிட்டரே பில்லைப் பார்த்து முழிச்ச கதை இது.

கல்யாண நாளுக்கு நானும் மனைவியும் சிங்கப்பூர் போயிருந்தோம். ஒரு நாள் ராத்திரி சில்லி கிராப், குழம்புல முக்கிச் சாப்பிட பொரிச்ச பன். ஆசை தீர சாப்பிட்டோம். மெனு விலைப்படி 200 டாலர். பில் வந்தது 239.80! அம்மாவுக்குப் பரிசு வாங்க ஒதுக்கின பணம் அதுலயே போச்சு.

எங்கே கோட்டை விட்டேன்?

1. மெனுவில் விலை பக்கத்துல '++' இருந்தது. முதல் பிளஸ், 10% சர்வீஸ் சார்ஜ்: 220. ரெண்டாவது பிளஸ், 9% ஜிஎஸ்டி. அது சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மேல: 239.80.

2. என் கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5%. அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%. இன்னொரு 10 டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 250.

நீங்க செய்ய வேண்டியது:

• அங்கே '++' பார்த்தா, விலையை 1.25-ஆல் பெருக்குங்க. அதுதான் நிஜ விலை. தனியா டிப்ஸ் தேவையில்லை.
• நண்டுக்கு எடை கணக்குல விலை. சமைக்கிறதுக்கு முன்னாடியே எடையும் மொத்த விலையும் கேளுங்க.
• கார்டு மெஷின் "ரூபாயா, டாலரா?"ன்னு கேட்டா டாலரையே தேர்ந்தெடுங்க. ரூபாய்ன்னா, மாற்று விகிதத்துலயே அவங்க லாபமும் சேர்ந்திருக்கும்.
• மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க.

சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லலை. 250-ன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த நண்டையும் சாப்பிட்டு, அம்மாவுக்கும் ஏதாவது வாங்கிட்டு வந்திருப்பேன்.