பதிப்பு எண்

பாடநூல் வாங்கும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்க்கிறோம் அல்லவா? பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மென்பொருள் நூலகங்களுக்கும் பதிப்பு எண் உண்டு. அது பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டது. பிழை திருத்தினால் மூன்றாம் எண் ஏறும். புதிய வசதி சேர்த்தால் இரண்டாம் எண். பழைய நிரல்கள் இயங்காதபடி மாற்றினால் முதல் எண்.

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் ஜாவா நூலகத்தில் பெரிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. 2.14.1 பதிப்பிலும் அக்குறை இருந்தது. 2.15.0 திருத்தத்துடன் வந்தது. அதுவும் போதாமல் அதே மாதத்தில் 2.16.0, 2.17.0 வெளிவந்தன. தம்மிடம் இருப்பது எது என்பதைப் பலரும் எண்ணைக் கொண்டே கண்டறிந்தனர். எண்ணை மாற்றாமல் உள்ளே மட்டும் திருத்தியிருந்தால், திருந்தியதையும் திருந்தாததையும் எப்படிப் பிரித்தறிவது? ஆகவே, மாற்றம் சிறிதாயினும் புதிய எண் இடுவோம். வெளியிட்ட பதிப்பைச் சொல்லாமல் மாற்றாதிருப்போம்.