தோட்டத்து உழவிலும் கணக்கு வேண்டும்

நம்மில் பலர் கடையோடு ஊரில் சிறு தோட்டமும் வைத்திருக்கிறோம். மினி டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறதென்று அவசரப்பட்டால் நஷ்டம் நமக்கே. ஈரக் களிமண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டி, மண் கட்டிதட்டிப்போய் ஒரு போகம் கத்தரியை இழந்தவன் நான்.

ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம், உருண்டையாகவே கிடந்தால் பொறுக்க வேண்டும். முதலில் கொக்கிக் கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால். பிறகு தொழு உரம் பரப்பி, ரோட்டவேட்டர் ஒரு தடவை போதும். அது 10 முதல் 15 சென்டிமீட்டர்தான் கிளறும். வருடந்தோறும் அதையே ஓட்டினால் அடிமண் இறுகி, வேர் இறங்காது. இறுகிவிட்டால், கோடையில் பெரிய டிராக்டரில் உளிக் கலப்பை பூட்டி உடைக்க வேண்டும்.

தரம் பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம், பதம் பார்த்து உழுவோம்.