பளியன்குடிப் பாதை

கூடலூர்,
பங்குனிக் கடைசி.

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமன் எழுதுவது.

போன வாரம் போனில் உன் குரல் சரியில்லை. கொழுக்குமலை இந்த வருஷமும் தள்ளிப்போச்சு என்று சொல்லிவிட்டு நீயே பேச்சை மாற்றினாய். காலேஜ் முடித்ததிலிருந்து வருஷம் தவறாமல் சேர்ந்து மலையேறிய ஐந்து பேர், மூன்று வருஷமாக வாட்ஸ்அப்பில் தேதி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கைக்குழந்தையையும் வீட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது தப்போ என்று உனக்கு ஓடுகிறது. தப்பே இல்லை மாப்பிள்ளை.

நாங்கள் நாலு சேக்காளிகள் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சித்திரைப் பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போகிறோம். அதில் எங்களுக்கு வாய்த்த பெரிய வசதி, தேதியை நாங்கள் வைப்பதில்லை. கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சனங்களை விடுவார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்டத்து அதிகாரிகளும் கூடிப் பேசி ஏற்பாடு செய்வார்கள். விட்டால் அடுத்த சித்திரைதான். எங்களில் ஒருவன் மகளுக்கு நிச்சயம் வைத்தபோதுகூட அந்த நாளை ஒதுக்கித்தான் வைத்தான். நீங்களோ ஐந்து பேருக்கும் தோதான நாளைத் தேடுகிறீர்கள். அப்படி ஒரு நாள் இனி காலண்டரில் வராது. ஒரு தேதியைக் குறியுங்கள், வருகிறவன் வரட்டும். இரண்டு பேர் போனாலும் போனதுதான்.

குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நாங்கள் ஏறியதில்லை. லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒற்றையடிப் பாதை, மூச்சை வாங்கும் ஏற்றம். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகணும்.

ஒரு வருஷம் திராட்சையில் செவட்டை நோய் விழுந்து தோட்டமே போய்விட்டது. மருந்துக்கடை பாக்கி, வட்டிக்கு வாங்கியது வேறு. உன் அத்தையிடம்கூட முழுத்தொகையைச் சொல்லவில்லை. டீக்கடையில் தினமும் பார்க்கிற சேக்காளிகளிடமும் வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த ஏற்றத்தில், முன்னால் போனவனின் வேர்த்த முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் திரும்பவில்லை. நடையை மட்டும் குறைத்துக்கொண்டான். மேலே போய்ப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோதும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியக்காலம் தோட்டத்துக்குப் போனால், பந்தலுக்கடியில் நின்று பட்டுப்போன கொடியை வெட்டிக் கூட்டிக்கொண்டிருந்தான். ஆம்பளைகள் நேருக்கு நேர் உட்கார்ந்து மனசைத் திறக்க நாம் பழகவில்லை. அதற்கு ஒரு ஏற்றம் வேண்டியிருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்து 23 உயிர் போனது. அந்த மாதத்தில் நம் மலைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உனக்குத் தெரியும். வனத்துறை அனுமதியும் பாதை தெரிந்த ஆளும் இல்லாமல் கால் வைக்காதே. பாதை மூடியிருந்தால் மேகமலைக்கு பஸ் ஏறி, ஒரு டீயைக் குடித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். அதுவும் போதும்.

மலைக்குப் போக உன் பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதே. உனக்கு இரண்டு நாள் என்றால் அவளுக்கும் இரண்டு நாள். அவள் தன் சிநேகிதிகளோடு போய்வரட்டும், பாப்பாவை நீ பார். என் காலத்தில் நான் இதைச் செய்யவில்லை. கூடப் படித்தவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று உன் அத்தைக்கு இன்றைக்குத் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

கொடி வெட்ட வந்தானே, அவனுக்குப் போன வருஷம் முட்டி ஒத்துழைக்கவில்லை. பளியன்குடி அடிவாரத்திலேயே காலையிலிருந்து காத்திருந்தான். நாங்கள் இறங்கி வந்ததும் பிரசாத அவலை வாயில் போட்டுக்கொண்டு, போகும்போது யார் என்ன பேசினீர்கள் என்று முதலிலிருந்து கேட்டான். இந்த வருஷமும் அங்கேதான் உட்காருவானாம். வரிசையில் எனக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை. வருவதாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே கூடலூர் வந்துவிடு. நாலு மணிக்கு எழுப்புவேன்.

உன் தாய்மாமன்.