நிலத்தை முன்வைத்த வள்ளல்: டாக்டர் அழகப்பச் செட்டியார்

திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஊர்க்கூட்டம் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. “அந்த ஊருக்குப் பள்ளிக் கட்டடம் வந்துவிட்டது, மருந்தகம் வந்துவிட்டது, நம் ஊருக்கு ஏன் வரவில்லை?” என்பதே அக்கேள்வி. செல்வாக்குள்ளவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்று சிலர் விடை கூறுவர். சர்க்காருக்கு நம் ஊர்மேல் கண் இல்லை என்பர் வேறு சிலர். இவ்விடைகளில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும், மழையன்றி வேறு கதியில்லாத ஒரு வறண்ட ஊருக்குக் கலைக் கல்லூரியும், பொறியியற் கல்லூரியும், அகில இந்தியப் புகழ்பெற்ற ஆராய்ச்சி நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வரலாற்றை அறிந்தவர்கள் இக்கேள்விக்கு வேறொரு விடையும் உண்டென்று உணர்வார்கள். அவ்வூர் காரைக்குடி. அவ்வரலாற்றுக்குரியவர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

காரைக்கால், காரைக்குடி என்று பெயரளவில் இரண்டும் உடன்பிறந்தவைபோலத் தோன்றினும், நிலத்தளவில் இரண்டுக்கும் ஒற்றுமை சிறிதும் இல்லை. நம்முடையது காவிரியின் கடைமடை. மேட்டூர் திறந்தால் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் என்றேனும் ஒருநாள் தண்ணீர் வந்து சேரும் என்ற நம்பிக்கையாவது நமக்கு உண்டு. செட்டிநாட்டுக்கு ஆறு இல்லை. செம்மண் தரை; மழைநீரைத் தேக்கும் ஊருணிகளும் கண்மாய்களுமே அங்கு வாழ்வு. நிலம் கொடாததை அம்மக்கள் கடல் கடந்து தேடினர். நம் பகுதிக் குடும்பங்கள் பல சைகோனுக்கும் சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் ஆட்களை அனுப்பி வாழ்ந்ததுபோலவே, அவர்களும் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இந்தோசீனத்திலும் கடை வைத்து வட்டித்தொழில் நடத்தி வந்தனர்.

அழகப்பர் 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். அக்காலத்து நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்கெழுதப் பழகியதும் கடைப்பையன்களாக வெளிநாட்டுக் கப்பல் ஏறுவதே வழக்கம். இவரோ காரைக்குடிப் பள்ளியில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வக்கீல் தொழில் செய்து நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அதை விடுத்துத் தொழிற்சாலைப் பக்கம் திரும்பினார்.

கொச்சி சமஸ்தானத்தில் திருச்சூருக்குத் தெற்கே 1937 ஆம் ஆண்டில் அவர் நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது, குடியிருப்பு ஊராயிற்று. அந்த இடத்துக்கு இன்றும் அழகப்ப நகர் என்பதே பெயர். கேரளத்தில் அப்பெயருடன் ஒரு கிராமப் பஞ்சாயத்தே இருக்கின்றது. ஆலை பிற்காலத்தில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் சென்றபோதிலும் ஊரின் பெயர் மாறவில்லை. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், கல்கத்தாவில் ஓட்டல், பம்பாயில் பங்கு வாணிகம், இன்ஷூரன்ஸ் என்று அவர் கைவைத்த தொழில்கள் பல. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. எல்லாத் தொழிலிலும் அவர் வென்றார் என்று எழுதினால் அது புகழுரையாகுமேயன்றி வரலாறு ஆகாது.

அவருடைய கொடைகள் முதலில் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே சென்றன. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென்று ரூ. 1 இலட்சம் வழங்கினார். 1944 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு ரூ. 5 இலட்சம் வழங்கினார். கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. 1978 இல் அது இன்றைய அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அக்காலத்தில் ஐந்து இலட்சம் என்றால் எவ்வளவு என்பதை விவசாயிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

1947 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம் நடைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் முன்வந்து மாவட்டங்களில் கலைக் கல்லூரிகளை நிறுவ வேண்டுமென்று அக்கூட்டத்தில் வேண்டிக்கொண்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். மேடையில் வாக்களிப்பது எளிது. அதை நாம் எத்தனையோ கூட்டங்களில் பார்த்திருக்கிறோம். இவர் வாக்களித்த அடுத்த மாதமே, ஆகஸ்டு 11 ஆம் நாள், கல்லூரி திறக்கப்பட்டது. நாடு விடுதலை பெறுவதற்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன. புதுக் கட்டடம் எழும்பும் வரையில் காத்திராமல், காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில் வகுப்புகள் ஆரம்பமாயின. கட்டடம் இல்லையே என்று பாலர் பள்ளியையும் நூலகத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் ஊர்கள் இந்தச் சிறு செய்தியை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

இனி ஆராய்ச்சி நிலையத்தின் கதைக்கு வருவோம். நம்முடைய பாடம் பெரும்பாலும் இதில்தான் அடங்கியுள்ளது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மத்திய சர்க்கார் தேசிய ஆராய்ச்சிக்கூடங்களை நாடெங்கும் நிறுவத் திட்டமிட்டது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சாந்தி சுவரூப் பட்நாகர். பௌதிகக்கூடம் டில்லிக்கும், இரசாயனக்கூடம் பூனாவுக்கும், உலோகக்கூடம் ஜம்ஷெட்பூருக்கும், தோல் ஆராய்ச்சி சென்னைக்கும், உணவு ஆராய்ச்சி மைசூருக்கும் சென்றன. இவையெல்லாம் ரயிலும் மின்சாரமும் ஆலைகளும் ஏற்கெனவே நிறைந்த நகரங்கள். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மட்டும் காரைக்குடிக்கு வந்தது. இது எப்படி நிகழ்ந்தது? அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் ரூ. 15 இலட்சம் ரொக்கத்தையும் அளிக்க முன்வந்தார். “எங்கள் ஊருக்கு ஒரு நிலையம் தருக” என்னும் மனுவோடு அவர் நிற்கவில்லை. “இதோ நிலம், இதோ பணம், நிலையத்தை இங்கே அமையுங்கள்” என்றார். 1948 ஆம் ஆண்டு சூலை 25 ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், பொங்கல் திருநாளில், அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அந்நிலையத்தைத் திறந்து வைத்தார்.

மின்வேதியியல் என்றவுடன் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விவசாயிகள் நினைக்கலாம். தொடர்பு மிக உண்டு. மின்சாரத்தால் பொருள்களில் உண்டாகும் இரசாயன மாறுதலையும், இரசாயன மாறுதலால் மின்சாரம் உண்டாவதையும் ஆராயும் துறை அது. பாட்டரி, உலோக முலாம், உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுத்தல் ஆகியவை அதனைச் சேர்ந்தவை. இரும்பு துருப்பிடிப்பதும் அதே துறைக்குரிய செய்தியாகும். நம் கடற்கரைப் பகுதியில் மதகின் இரும்புப் பலகை சில ஆண்டுகளிலேயே அரித்துப்போவதையும், பள்ளிக் கூரைக் கான்கிரீட் பிளந்து உள்ளிருக்கும் கம்பி வெளித்தோன்றுவதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. கான்கிரீட்டில் பதிக்கும் கம்பிகளுக்குத் துருவைத் தடுக்கும் சிமெண்டுக் குழம்புப் பூச்சு ஒன்றைக் காரைக்குடி நிலையம் உருவாக்கிற்று. கடற்காற்றில் உலோகங்கள் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதை ஆராய மண்டபத்திலும் அந்நிலையத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. ஆக, வறண்ட ஊரில் ஒருவர் கொடுத்த நிலத்தில் நடக்கும் ஆராய்ச்சி கடலோர ஊர்களுக்கும் பயன்படுகின்றது.

இந்நிலையம் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, பாலிடெக்னிக், பாலர் பள்ளி, உடற்பயிற்சிக் கல்லூரி எனக் கல்விச்சாலைகள் அடுத்தடுத்துத் தோன்றின. பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். இவ்வளவையும் அவர் நல்ல உடல்நலத்தோடு செய்யவில்லை. தொழுநோய் அவரை வாட்டியது. இன்று பல மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து அந்நோயை முற்றிலும் குணப்படுத்துகிறார்கள். அரசினர் மருத்துவமனையில் அம்மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. அக்காலத்தில் நிலைமை அவ்வாறில்லை. நோயைவிட, நோயாளியைக் கண்டு ஒதுங்கும் மக்களின் போக்கே கொடிதாயிருந்தது. அந்த நிலையிலும் அவர் ஒதுங்கி மறைந்திராமல், கல்லூரிகளை எழுப்பிக்கொண்டே இருந்தார். பிரிட்டிஷார் அளித்த ‘சர்’ பட்டத்தை விடுதலைக்குப்பின் துறந்தார். 1956 இல் குடியரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் காலமானார். மறுநாள் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும்.

அவர் மறைவோடு அந்நிலையங்கள் மங்கிவிடவில்லை. கலைக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் பிற்காலத்தில் அரசினர் கல்லூரிகளாயின. 1985 இல் தமிழ்நாடு அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவிற்று. தனி மனிதர் ஒருவரின் செல்வம் எவ்வளவு பெரியதாயினும், ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க அது போதாது. தொடங்குவதற்குக் கொடை வேண்டும்; நடத்துவதற்கு அரசு வேண்டும். தொடங்கிய இடத்தைத் தேடியே அரசு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

“அவர் கோடீசுவரர், நாங்கள் மூன்று மா நிலம் வைத்திருப்பவர்கள்” என்று அம்பகரத்தூர் விவசாயி ஒருவர் கூறினால் அதில் நியாயம் இருக்கின்றது. ஆனால் நான் சுட்டுவது தொகையை அன்று, வரிசையை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கட்டடம் கேட்பவை. “இடம் எங்கே?” என்று கேட்டால், “சாங்ஷன் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விடை வரும். சாங்ஷனும் ஆகும். அதன்பின் இடத்தைத் தேடினால், ஒன்று களத்துமேடாக இருக்கும். ஒன்று கோயில் நிலமாக இருக்கும். மற்றொன்றுக்கு நான்கு பங்காளிகள் இருப்பார்கள், அவர்களுள் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். நான் பணிபுரிந்த ஓர் ஊரில் அங்காடிக் கட்டடத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை இவ்வாறே மார்ச்சு மாதம் வரை இழுத்தடிக்கப்பட்டு, இடத்தைப் பத்திரம் செய்து வைத்திருந்த வேறோர் ஊருக்குச் சென்றது. அந்த ஊரில் செல்வாக்குள்ளவர் எவரும் இல்லை. பத்துக் குழி மனையைத் தானமாகக் கொடுத்த ஒரு மூதாட்டிதான் இருந்தார்.

ஆகவே, நிலக்கொடை பற்றிய சட்டத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிறிது அறிந்திருத்தல் நலம். 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி, அசையாச் சொத்தை வாய்மொழியாகத் தானம் கொடுத்தால் அது செல்லாது. கொடுப்பவர் கையொப்பமிட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு, பத்திரம் பதிவு செய்யப்படவேண்டும். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே, பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். பெரியவர் ஒருவர் திருவிழாக் கூட்டத்தில் “என் மேற்கு மனையைப் பள்ளிக்குக் கொடுத்தேன்” என்று கூறிவிட்டு, இரண்டாண்டு கழித்து மறைந்துபோனால், அந்த மனை அவருடைய வாரிசுகளுக்கே உரியது, பள்ளிக்கு அன்று. ஊரார் கைதட்டியது சட்டத்தின் கண்ணில் ஏற்பு ஆகாது.

எனவே ஒருவர் வாக்களித்தவுடன், வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா எவர் பெயரில் உள்ளதென்று பார்க்கவேண்டும். பூர்வீகச் சொத்தாயின் பங்காளிகள் அனைவரையும் பத்திரத்தில் சேர்க்கவேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி அதைத் தொடக்கூடாது. நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் நாட்டவேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த மனையா என்பதை ஐப்பசியில் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். சித்திரையில் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டால், அடைமழையில் பள்ளிப்பிள்ளைகள் குளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னர் தானத்தை ஏற்பதற்குரிய ஆணையையோ தீர்மானத்தையோ முறைப்படி பெற்று, பத்திரத்தின் நகலைச் சொத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடவேண்டும்.

கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் திரும்பக் கேட்பார்கள்: தம் தாய் தந்தையர் பெயரைக் கட்டடத்தில் எழுதவேண்டும் என்று. அதைச் சிறுமையாக எண்ணி முகஞ்சுளிக்கும் அங்கத்தினர்களைக் கண்டிருக்கிறேன். காரைக்குடியில் கல்லூரிக்குக் கல்லூரி அழகப்பர் பெயர்தான் இருக்கின்றது. அதனால் அங்கே படித்த எவருக்கும் குறைவு ஒன்றும் வந்துவிடவில்லை. பெயர் எழுதுவது பற்றியும் அந்தத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால், கட்டடம் முடிந்து திறப்புவிழா நடக்கும் நாளில் அதுபற்றிச் சச்சரவு எழாது.