முதலையின் உடலமைப்பு

வள்ளுவர் 'இடனறிதல்' என்னும் அதிகாரத்தில் முதலையைச் சான்றாகக் காட்டுகிறார். நீருக்குள் இருக்கும்வரை வெற்றி அதனுடையது. கரையேறினால் பிற உயிர்களுக்கு அது எளிதாகிவிடும் என்பது அவர் கருத்து. முதலையின் உடலமைப்பை ஆராய்வோர் இதன் உண்மையை நன்கு உணர்வர்.

இந்தியாவில் சதுப்பு நில முதலை, உவர்நீர் முதலை, நீண்டு ஒடுங்கிய முகமுடைய கரியால் என மூவகை முதலைகள் வாழ்கின்றன. இவற்றுள் அமராவதி, சாத்தனூர் முதலிய அணைப் பகுதிகளில் காணப்படுவது சதுப்பு நில முதலையாகும். அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கண், காது, மூக்குத்துளை ஆகிய மூன்றும் தலையின் மேற்புறத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்துள்ளன. எனவே உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டே காணவும் கேட்கவும் மூச்சுவிடவும் அதனால் இயலும். மூழ்கும்போது மூக்குத்துளைகளும் செவித்துளைகளும் மூடிக்கொள்கின்றன. ஒளி ஊடுருவும் படலம் ஒன்று கண்ணைக் காக்கிறது. தொண்டையிலுள்ள தசைமடிப்பு, வாய் திறந்திருந்தாலும் மூச்சுக்குழலுக்குள் நீர் புகாமல் தடுக்கிறது. ஆகவே, ஆற்றங்கரையில் வாழ்வோர் அசைவற்ற நீரைக் கண்டு முதலை இல்லையென்று எண்ணிவிடலாகாது.

தாடையை மூடும் தசைகள் பெருவலிமை உடையவை. திறக்கும் தசைகளோ வலிமை குன்றியவை. அதனாலன்றோ முதலை பிடிப்போர் கயிற்றால் அதன் வாயைக் கட்டிவிடுகின்றனர்! பற்கள் கவ்வுவதற்கு ஏற்றவை; மெல்லுவதற்கு ஏற்றவையல்ல. விழுந்த பல்லுக்கு ஈடாகப் புதுப்பல் முளைக்கும்.

ஊர்வனவற்றுள் முதலை இனத்திற்கு மட்டுமே முழுமையான நான்கறை இதயம் உண்டு. மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஒரு பகுதியை உடலுக்குத் திருப்பிவிடும் வழியும் அதில் அமைந்துள்ளது. பக்கவாட்டில் தட்டையான வால், நீந்துவதற்குத் துடுப்பாகிறது. முதுகுச் செதில்களுக்கு அடியிலுள்ள எலும்புத் தகடுகள் கவசமாகின்றன.

இத்துணை வலிமை பெற்ற விலங்கும் ஒன்றிற்கு மட்டும் கரையை நம்பியே வாழ்கிறது. கரை மணலில் குழி தோண்டித்தான் பெண் முதலை முட்டையிடுகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அக்குழியின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. குஞ்சுகளின் குரல் கேட்டதும் தாய் குழியைத் திறந்து, எருமையையும் வீழ்த்தவல்ல அதே தாடைகளால் அவற்றை மெல்லத் தூக்கி நீரில் விடுகிறது.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவிட்ட முதலைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பளித்தது. 1975இல் நடுவணரசின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976இல் மாமல்லபுரத்திற்கு அருகே முதலைப் பண்ணை ஒன்று நிறுவப்பெற்றது. வேட்டை குறைந்தது. ஆயினும் ஆற்று மணலை அள்ளிவிட்டால் முட்டையிட இடமேது? முதலை தன் இடனறிந்து வாழ்கிறது. அவ்விடத்தை அதற்கு விட்டுவைப்பது நம் கடமையாகும்.