‘நரம்பு இழுக்குதுங்க சிஸ்டர்!’

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குப் பனியன் கம்பெனி கேட் திறந்ததும் திருப்பூரின் சின்னச் சின்ன கிளினிக்குகளில் பெஞ்சு நிறைந்துவிடும். அங்கே நிற்கும் நர்சிங் மாணவி ஒரே மணி நேரத்தில் ‘நரம்பு’ என்ற சொல்லை எத்தனை விதமாகக் கேட்பாள்! ஓவர்லாக் டைலர், “கை நரம்பு மரத்துப் போகுதுங்க” என்பார். கத்தி பட்ட கட்டிங் மாஸ்டர், “நரம்பு அறுந்திருச்சுங்களா?” என்று கேட்பார். நாள் முழுக்க நின்று செக்கிங் பார்த்த அக்கா முழங்காலுக்குக் கீழே புடைத்திருப்பதைக் காட்டி, “நரம்பு சுருட்டிக்கிச்சு கண்ணு” என்பார். அயர்ன் போடும் தம்பிக்கு ராத்திரியில் கெண்டைக்கால் நரம்பு இழுத்துப் பிடிக்கிறது. டிரிப்ஸ் போட வந்த சீனியர் சிஸ்டரும் “நரம்பு கிடைக்கலை” என்கிறார்.

முதலாமவர் சொன்னது உண்மையிலேயே நரம்பு. கட்டிங் மாஸ்டர் கேட்டது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். செக்கிங் அக்கா காட்டியதும் சீனியர் சிஸ்டர் தேடியதும் சிரை. அயர்ன் தம்பிக்கு வந்தது தசைப்பிடிப்பு. இதை அறியாமை என்று சிரிக்கும் மாணவிகளிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன். நோயாளி தன் மொழியில் சரியாகத்தான் சொல்கிறார். எங்கே, எந்த விரல், எந்த நேரம் என்று கேட்டுப் பிரித்தறிய வேண்டியது நம் வேலை. கீழே வரும் நம்பிக்கைகளும் நோயாளிகளுடையவை மட்டுமில்லை. சில நம் வார்டுகளிலேயே உலவுகின்றன.

நம்பிக்கை: கை மரத்துப்போனால் உடம்பில் ரத்தம் இல்லை, சத்து ஊசி போட்டால் சரியாகும்.

எந்த விரல் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று காட்டுவார்; சுண்டுவிரல் தப்பித்திருக்கும். ரத்தக்குறைவு இப்படி விரல் பார்த்துப் பங்கு பிரிக்காது. பி12 குறைந்தாலும் மரத்துப்போகும்தான், ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும். சுண்டுவிரலை விட்டுவிடுவது மீடியன் நரம்பின் அடையாளம்.

மணிக்கட்டில் எலும்புகள் தரையும் சுவருமாக, உறுதியான நார்ப்பட்டை ஒன்று கூரையாக, ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. துணியை இழுத்து, மடக்கி, ஊசிக்குக் கொடுத்து, மறுபடி இழுத்து என்று பீஸ் ரேட்டுக்கு ஓடும் கையில் தசைநாண்களின் உறை வீங்கினால் நசுங்குவது நரம்புதான். இதுவே கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். நள்ளிரவில் மதமதப்பு ஆளை எழுப்பிவிடும். எழுந்து கையை உதறினால் கொஞ்சம் விடும். “ராத்திரி எந்திரிச்சு கையை உதறுவீங்களா அக்கா?” என்று கேட்டதுமே பலரின் முகம் தெளியும். தான் சொல்லத் தெரியாமல் தவித்ததை எதிரே இருப்பவர் சொல்லிவிட்ட நிம்மதி அது. கர்ப்பம், சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றையும் விசாரியுங்கள். ஆரம்பத்தில், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் பலருக்கு உதவும். கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கிவிட்டால் அதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை: விரல் அசைகிறது, அதனால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரரின் கயிறு போல அங்கிருந்து தசைநாண்கள் நீண்டு வந்து விரலை ஆட்டுகின்றன. அதனால் எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் விரல் அசையலாம். எலும்பு முழுதாக இருந்து, நாண் மட்டும் அறுந்தும் போகலாம். கட்டிங் டேபிளிலிருந்து துணி சுற்றிக்கொண்டு வரும் கையை “மடக்குங்க” என்று மொத்தமாகச் சொல்லிப் பார்ப்பது போதாது. கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலிலும் மேல் நாண் நடுக்கணுவை மடக்குகிறது, ஆழ் நாண் நுனிக்கணுவை. நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால்தான் ஆழ் நாண் அறுந்திருப்பது பிடிபடும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, விரல்நுனியின் இரண்டு ஓரங்களையும் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே இதைப் பார்த்து எழுதிவிட வேண்டும். போட்ட பிறகு நரம்பு அறுந்ததா, மருந்தால் மரத்ததா என்று யாருக்கும் தெரியாது.

“ஊசி ஏறிருச்சு” என்று வருபவர்கள் தனி. ஏற்றுமதி கம்பெனிகளில் மிஷின் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடி, ரெஜிஸ்டரில் ஒட்டி வைக்கிறார்கள். குழந்தையின் சட்டையில் ஒரு துண்டும் போய்விடக் கூடாது என்பது சரியான கவலை. அதே கவலை டைலரின் விரலுக்கும் வேண்டும். “எல்லாத் துண்டும் கிடைச்சுதுங்களா?” என்று கேளுங்கள். ஒன்று குறைந்தால் அது விரல் எலும்பில் தங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நகத்தைத் துளைத்து எலும்பை உடைத்த ஊசி கிருமிக்கும் வழி திறந்துவிட்டிருக்கிறது. ஒரு டிடி ஊசியோடு அந்தக் கதை முடிவதில்லை.

இன்னொருவர் பைக் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தவர். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? முந்திரிப்பருப்பு வடிவத்தில் அங்கே ஸ்கேபாய்டு என்றொரு சிறு எலும்பு இருக்கிறது. முதல் நாள் எக்ஸ்ரேயில் அதன் முறிவு தெரியாமல் போகலாம். ‘சுளுக்குதான்’ என்று நம்பி, இரட்டைப் பிள்ளை பெற்றவரிடம் போய் உருவிவிட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதி பட்டுப்போகக்கூடும். குழியில் வலி இருந்தால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் ஸ்பிளின்ட் போட்டு, 10 முதல் 14 நாளில் திரும்பவும் படம் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: எப்படி அடிபட்டது என்று எழுதுவது வெறும் சம்பிரதாயம்.

கையை ஊன்றி விழுந்தாரா, கை மிஷினில் சிக்கியதா என்பதிலிருந்துதான் எந்த எலும்பைத் தேடுவது என்றே தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. “வீட்ல விழுந்தேன்னு எழுதிக்குங்க சிஸ்டர்” என்று மெதுவாகச் சொல்வார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில். ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம், குணமாகும்வரை. வேலைக்கு வரும் போகும் வழியில் நடந்த விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், 2010-ல் செய்த சட்டத் திருத்தம் முதல் பணிக்காயமே. இதை அவருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

நம்பிக்கை: கழுத்து வலி, இடுப்பு வலி எல்லாம் எலும்புத் தேய்மானம், கால்சியம் மாத்திரையும் படுக்கையும்தான் மருந்து.

மூட்டில் தேய்வது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. எலும்பே அடர்த்தி குறைந்து நொய்ந்துபோவது வேறு நோய். அது முறியும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. இரண்டையும் தமிழில் ‘தேய்மானம்’ என்றே சொல்லிவிடுவதால் இரண்டுக்கும் ஒரே மாத்திரையை விழுங்குகிறார்கள். முதுகுச்சாய்வு இல்லாத ஸ்டூலில் நாளெல்லாம் குனிந்து தைப்பவரின் சாதாரண இடுப்பு வலிக்கு நீண்ட படுக்கை கெடுதல். முடிந்தவரை நடமாடுவதே நல்லது. ஆனால் சிறுநீர் வராமல் நின்றதா, உட்காரும் இடம் மரத்துப்போனதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்பு காசநோயை நினைவில் வையுங்கள்.

நம்பிக்கை: வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையாது.

வெயில் ரோட்டில் கொளுத்துகிறது. ஆள் ஷெட்டுக்குள் டியூப்லைட்டின் கீழ் இருக்கிறார். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் காலை 10 முதல் பிற்பகல் 3 வரைதான் வலுவாக விழும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். “உடம்பெல்லாம் வலிக்குதுங்க” என்று வரும் இருபது வயதுப் பெண்ணைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறாளா? படியேறத் திணறுகிறாளா? எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். இவளை ‘சும்மா சொல்கிறாள்’ என்று திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். முப்பது வயதுக்குள் சேர்த்த எலும்புதான் ஆயுளுக்கும் கையிருப்பு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதில் மில் விடுதிகளுக்கு வந்த பெண்கள் எலும்பு சேர வேண்டிய வருடங்களை டீயும் பன்னும் தின்று கூரைக்குள் கழித்தவர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியும் கூழும் அவர்கள் ஊரில் கிடைத்தவைதான்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவரின் எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தால் ‘நல்ல உறுதி’ என்று எண்ண வேண்டாம். ஃபுளோரைடு மிகுந்த நீரைப் பல வருடம் குடித்த எலும்பும் அடர்ந்து தெரியும். அது எளிதில் முறியும்.

நம்பிக்கை: கட்டு இறுகினால்தான் எலும்பு கூடும், வலித்தால் கூடுகிறது என்று அர்த்தம்.

லைன் வீட்டு மாடிப்படியில் விழுந்த ஆறு வயதுப் பையன். முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. இந்த வயதுக்கே உரிய முறிவு. சிலர் மாவுக்கட்டு போட்டுக்கொள்வார்கள். சிலர், ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் ஊரெங்கும் போர்டு தொங்கும் வைத்தியசாலைக்குப் போய், பச்சிலை அரைப்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொள்வார்கள். அங்கே போனதற்காகப் பெற்றோரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். நான் சொல்லப்போகும் ஆபத்து இரண்டு கட்டுக்கும் பொது. கட்டே இல்லாவிட்டாலும் வரும்.

முன்கைத் தசைகள் நீளாத உறைகளுக்குள் கட்டுக்கட்டாக அடைபட்டிருக்கின்றன. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் உறை விரியாது, அழுத்தம் ஏறும், தசைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கும். இதுதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். சுமார் ஆறு மணி நேரம் ரத்தமில்லாமல் கிடந்த தசை திரும்பி வராது. செத்த தசை நாராகச் சுருங்கி, விரல்கள் கொக்கி போல் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வான் வோல்க்மன் 1881-ல் எழுதியது இந்தக் கையைத்தான்.

நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வெளிறுவதும் நாடி நிற்பதும் கடைசியில் வருபவை. முதலில் வருவது காயத்துக்குப் பொருந்தாத வலி. மருந்து கொடுத்தும் குழந்தை மறுபடி மறுபடி கேட்கும், படுக்கையில் புரளும், சமாதானமாகாது. மடங்கிய விரலை மெல்ல நீட்டிவிட்டால் வீறிடும். அப்போது இன்னொரு வலி ஊசி போட்டுத் தூங்க வைத்தால் அந்தக் கை போய்விடும். டாக்டரை அழையுங்கள். அவர் சொல்படி கட்டை அடிப்பஞ்சு உட்படத் தோல்வரை பிரிக்க ஆயத்தமாகுங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். அதற்குமேல் தூக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் குறையும். அறுவை தேவைப்படலாம் என்பதால் வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். வலி கூடியது எத்தனை மணிக்கு, அழைத்தது எத்தனை மணிக்கு, பிரித்தது எத்தனை மணிக்கு என்று மூன்று நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கட்டோடு வீட்டுக்கு அனுப்பும் குழந்தையின் பெற்றோரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். இன்று அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் ‘நரம்பு’ என்ற சொல்லும் நமக்கு உதவாது. பையனின் நல்ல கையை எடுத்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டுங்கள். பிறகு முகத்தைச் சுளித்து அழுவதுபோல் காட்டி, சுவர்க் கடிகாரத்தில் நடுராத்திரியைத் தொட்டு, ஆஸ்பத்திரி வாசலைக் கை நீட்டிக் காட்டுங்கள். அம்மா அதை உங்களுக்குத் திருப்பிச் செய்து காட்டும்வரை பையனை அனுப்பாதீர்கள்.